பால்குடம் எடுத்தேன், என் இரட்சிப்பு போய்விட்டதா?

கேள்வி: நான் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் இருந்துகொண்டு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். மெதடிஸ்ட் சபையில் குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்று, வளர்ந்தபின் அந்த விசுவாசத்தை நானே உறுதிசெய்யும் திடப்படுத்தலும் பெற்றவள். என் கணவர் டயாலிசிஸில் இருந்தபோது, இந்துவான என் மாமியார் கேட்டுக்கொண்டதால் தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுத்தேன். அவர் பிழைக்கவில்லை. அதன்பிறகு இரண்டு வருடம் ஆலயத்துக்கே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவர்டைம் செய்தேன். இப்போது மறுபடியும் போகிறேன். அண்மையில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் வேதாகமத்தின் எபிரெயர் நிருபத்தில் 6-ஆம் அதிகாரத்தை வாசித்து, மறுதலித்தவர்களுக்குத் திரும்ப வழியே இல்லை என்றார். தனியாகக் கேட்டபோது, மூழ்கி மறுபடி ஞானஸ்நானம் எடுத்தால் கர்த்தர் இரங்கலாம் என்றார். பாப்டிஸ்ட் சபைக்குப் போகும் என் அக்காவோ, ஒருமுறை கிடைத்த இரட்சிப்பு ஒருநாளும் போகாது, அழாதே என்கிறாள். யார் சொல்வது சரி? நான் இரட்சிப்பை இழந்துவிட்டேனா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, இல்லை என்பதே என் பதில். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அந்த வசனம் உங்களைக் குறித்துப் பேசவில்லை.

‘ஒருதரம் பிரகாசிப்பிக்கப்பட்டும், பரம ஈவை ருசிபார்த்தும்’ பிறகு மறுதலித்துப்போனவர்களை ‘மனந்திரும்புதற்கேதுவாய் மறுபடியும் புதுப்பிக்கிறது கூடாதகாரியம்’ என்கிறது அந்தப் பகுதி. கடுமையான வார்த்தைதான், அதை மழுப்பிக் காட்டுகிற விளக்கங்களில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் யாருக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். விசுவாசத்தின் நிமித்தம் தங்கள் ஆஸ்திகளைக் கொள்ளையிடக் கொடுத்தவர்கள், களைத்துப்போய், கிறிஸ்துவே வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்று நின்றவர்கள், அவர்களுக்கு எழுதப்பட்ட நிருபம் அது. 10-ஆம் அதிகாரத்தில் அதே ஆசிரியர் ‘தேவனுடைய குமாரனைக் காலின்கீழ் மிதித்து’ என்று சொல்லும்போது, அவர் மனதில் இருப்பது அறிந்தே சிலுவையைத் தூக்கியெறிந்து, அந்த முடிவிலேயே நிலைத்துவிட்ட ஆளைத்தான். அப்படிப்பட்டவன் மனந்திரும்ப வேறொரு வழி இல்லை, ஏனென்றால் இருந்த ஒரே வழியை அவனே வேண்டாமென்று சொல்லிவிட்டான். வர விரும்புகிறவனுக்குக் கதவு சாத்தப்பட்டிருக்கிறது என்று அங்கே எழுதியிருக்கவில்லை. அடுத்து 9-ஆம் வசனத்தில், ‘நாங்கள் இப்படிச் சொன்னாலும்’ என்று தொடங்கி, இரட்சிப்புக்குரிய காரியங்கள் உங்களிடத்தில் உண்டென்று நம்பியிருக்கிறோம் என்கிறார். உங்கள் கூட்டத்தில் அதுவரை வாசித்தார்களா என்று தெரியவில்லை.

இந்தக் கேள்வி சபைக்குப் புதிதல்ல. கி.பி. 250-இல் ரோமப் பேரரசன் டெசியஸ், குடிமக்கள் எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெற வேண்டும் என்று ஆணையிட்டான். அந்தச் சான்றிதழ்களில் சில எகிப்தில் பாப்பிரஸ் தாள்களாகவே கிடைத்திருக்கின்றன: நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போது உங்கள் முன்னிலையிலும் பலியிட்டுப் பலிப்பொருளைச் சுவைத்தேன் என்று எழுதி, அதிகாரிகள் ஒப்பமிட்டிருப்பார்கள். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரப் பேராயர் சிப்ரியான் எழுதிவைத்திருப்பதைப் படித்தால், கிறிஸ்தவர்கள் சிலர் அழைப்புக்குக்கூடக் காத்திராமல் ஓடினார்கள் என்பதும், பொழுது சாய்ந்துவிட்டது, நாளை வாருங்கள் என்று அதிகாரிகள் சொன்னபோது இன்றே முடித்துவிடுங்கள் என்று கெஞ்சினார்கள் என்பதும் தெரியவருகிறது. துன்புறுத்தல் ஓய்ந்ததும் இவர்களில் பலர் அழுதுகொண்டு சபையின் வாசலுக்கு வந்தார்கள். ரோமில் நோவேஷியன் என்ற மூப்பர், இவர்களைச் சபை ஏற்கவே கூடாது என்று தனியாகப் பிரிந்துபோனார். 251-இல் கார்த்தேஜில் கூடிய பேராயர்களோ, ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியாக விசாரித்து, மனம் வருந்தித் திருந்துவதற்கான ஒரு காலத்துக்குப் பிறகு அவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று வழி வகுத்தார்கள். எளிதாக விட்டுவிடவில்லை, பலியிட்டவர்களைச் சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களைவிட அதிக காலம் காக்கவைத்தார்கள். ஆனால் வாசலை அடைக்கவில்லை.

அவர்களோடு ஒப்பிட்டால் உங்கள் காரியம் எங்கே நிற்கிறது? ஆஸ்பத்திரிக் கட்டிலில் கணவர் கிடக்க, மகனை இழந்துவிடுவோமோ என்று நடுங்கிய ஒரு தாய் கேட்டதற்கு இணங்கி நீங்கள் குடம் தூக்கினீர்கள். அது உங்கள் விசுவாசத்துக்கு ஒவ்வாத செயல் என்று உங்களுக்கே தெரியும், அதனால்தான் இந்தக் கடிதம். நானும் அது ஒன்றுமில்லை என்று சொல்லப்போவதில்லை. கர்த்தரிடம் அறிக்கையிட வேண்டிய பாவம் அது. ஆனால் கிறிஸ்து வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீங்கள் மலையேறவில்லை. பிரதான ஆசாரியனின் முற்றத்தில் மூன்று தரம் அவரை அறியேன் என்று சொன்ன பேதுருவுக்கு, அது நடப்பதற்கு முன்பே, ‘உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்’ என்று சொல்லப்பட்டிருந்தது.

இனி உங்கள் அக்காவின் பதில். அவர்கள் சபை சார்ந்து நிற்பது, யோவான் 10-இல் இயேசு தம் ஆடுகளைக் குறித்து ‘ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை’ என்று சொன்ன வாக்கை. அது உறுதியான ஆதாரம். நெதர்லாந்தின் டோர்ட் நகரில் 1618-19-இல் கூடிய சீர்திருத்தச் சபைகளின் மாநாடு இதைத் தீர்மானமாகவே வகுத்தது. உண்மையாய் மறுபடி பிறந்தவர்களைத் தேவன் கடைசிவரை காப்பார் என்ற அதே ஆவணம், அவர்களும் பெரும் பாவங்களில் விழக்கூடும், தேவ கிருபையின் உணர்வைச் சிலகாலம் இழக்கவும் கூடும் என்றும் சேர்த்தே சொல்கிறது. உங்கள் இரண்டு வருடங்களுக்கு அதில் இடமிருக்கிறது. மறுபக்கம் உங்கள் மெதடிஸ்ட் மரபைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, விசுவாசி விழுந்துபோகக்கூடும் என்று போதித்தவர். அவரே, பின்வாங்கிப்போய் இனி நமக்கு நம்பிக்கையில்லை என்று சோர்ந்திருந்தவர்களுக்காகத் தனியாக ஒரு பிரசங்கம் எழுதி, திரும்பிவந்தவர்களைத் தாம் அறிந்திருப்பதாகச் சாட்சி கூறினார். நான் வளர்ந்ததும் வெஸ்லியின் மரபில்தான். மனிதன் அறிந்து, விரும்பி, விலகிப்போக முடியும் என்றே நம்புகிறேன். ஆனால் பினாங்கு ஃபெரியில் குடையை மறந்துவிட்டு இறங்குவதுபோல, தெரியாமல் தொலைத்துவிடுகிற பொருளல்ல இரட்சிப்பு. அக்காவின் வாக்கியத்தை எதையும் செய்யலாம் என்பதற்கு உரிமச்சீட்டாகப் பிடித்துக்கொள்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அக்கா அப்படிச் சொல்லவில்லை, தங்கையின் அழுகையை நிறுத்தவே சொல்லியிருக்கிறார்.

மறு ஞானஸ்நானம் வேண்டாம். வழியே இல்லை என்று கூட்டத்தில் அறிவித்தவர், பிறகு தனியாக ஒரு வழி சொன்னது எப்படி என்று அவரைத்தான் கேட்க வேண்டும். அவர் காட்டிய அதே வசனத்தையே, பழங்காலப் பேராயர்களான அம்புரோசும் கிறிசோஸ்தோமும், ஞானஸ்நானத்தைத் திரும்பக் கொடுக்கக் கூடாது என்பதற்கு ஆதாரமாக விளக்கினார்கள். கார்த்தேஜிலும், விழுந்தவர்களைக் கைகளை வைத்து ஜெபித்துச் சேர்த்துக்கொண்டார்களே தவிர, மறுபடி தண்ணீருக்குள் இறக்கவில்லை. நீங்கள் குழந்தையில் பெற்றது செல்லும்.

உங்கள் சபைப் போதகரிடம் ஒரு நாள் ஷிஃப்ட் இல்லாத நேரமாகக் கேட்டுப் போய், பால்குடம், ஓவர்டைம் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் உங்களோடு ஜெபிப்பார்; அடுத்து வருகிற திருவிருந்தில் தயங்காமல் பங்கெடுங்கள். பகிரங்கமாக ஏதாவது செய்ய வேண்டும் என்று மனம் கேட்டால், மெதடிஸ்ட் சபைகளில் ஆண்டின் தொடக்கத்தில் நடத்துகிற உடன்படிக்கை ஆராதனை இருக்கிறது, போதகரிடம் கேளுங்கள். மாமியாரிடம் அந்தத் தைப்பூசத்தைப் பற்றிக் குறைசொல்லிப் பேச வேண்டாம். அவர் தம் தெய்வத்திடம் தம் மகனுக்காகக் கேட்டார். அவருக்கும் பிள்ளை போய்விட்டான். அடுத்த வருடம் அவர் மறுபடி அழைத்தால், வரமுடியாது அம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு, மலையிலிருந்து இறங்கிவருகிறவருக்குச் சாப்பாடு ஆக்கி வையுங்கள்.