இரண்டு பவர் சப்ளை இருந்தும் சர்வர் அணைந்தது ஏன்?

கேள்வி: எங்கள் ரேக்கில் உள்ள 1யூ சர்வரில் 800 வாட் பவர் சப்ளை இரண்டு உள்ளன. யூபிஎஸ் டிரிப் ஆனதும் சர்வர் அணைந்துவிட்டது. இரண்டு இருந்தும் ஏன் இப்படி? விசிறிச் சத்தமும் தாங்கவில்லை. மேல்மூடியைக் கழற்றினால் சூடு குறையுமா?

பதில்: மூடியைத் தயவுசெய்து கழற்றாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சர்வரின் பின்பக்கம் போய், இரண்டு பவர் கேபிள்களையும் கையில் பிடித்தபடி கடைசிவரை தொடர்ந்து பாருங்கள். இரண்டும் அந்த ஒரே யூபிஎஸ்ஸில்தான் போய் முடியும் என்று நினைக்கிறேன். ரேக் ரேக்காக நான் பார்த்துவரும் தவறு இது. ஒன்று ஒரு லைனிலும் மற்றது வேறொரு லைனிலும் இருந்தால்தான் இரட்டை பவர் சப்ளைக்கு அர்த்தம். இன்னொன்று: 800-ஐயும் 800-ஐயும் கூட்டி 1600 என்று கணக்குப் போடாதீர்கள். சாதாரண நேரத்தில் இரண்டும் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும். ஒன்று போனால் மற்றது முழுவதையும் தாங்க வேண்டும். ஆகவே உச்சச் சுமையே 800 வாட்டுக்குள் இருக்க வேண்டும்.

இனி சத்தம். 1யூ என்பது 44.45 மில்லிமீட்டர் உயரம்தான். அதற்குள் 40 மில்லிமீட்டர் விசிறிதான் அடங்கும். சின்ன விசிறி போதிய காற்றைத் தள்ள அசுர வேகத்தில் சுற்றியாக வேண்டும். நிமிடத்துக்கு 15,000 சுற்றைத் தாண்டுபவையும் உண்டு. வேகம் இரட்டித்தால் அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய எட்டு மடங்காகும். எனவே விசிறியைக் குறை சொல்லாமல், முன்பக்கம் உள்ளே போகும் காற்றைக் கவனியுங்கள். அது 18 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது ஆஷ்ரே என்ற அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர்கள் அமைப்பின் பரிந்துரை.

ரேக்கில் காலி இடம் இருந்தால் அதன் முன்னால் கையை நீட்டிப் பாருங்கள். வெப்பக் காற்று முகத்துக்கு வந்தால், பின்பக்கச் சூடுதான் சுற்றி வந்து மறுபடி உள்ளே போகிறது. அங்கே பிளாங்க் பேனல், அதாவது காலி இடத்தை மூடும் தகடு, மாட்டுங்கள். விலை குறைந்த பொருள்தான், ஆனால் பலன் பெரிது.

மூடி விஷயமும் இதேதான். மூடி இருந்தால்தான் காற்று, பிராசஸரின் சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் மெமரிக்கும் நடுவே நுழைந்து போகும். திறந்தால் தடையில்லாத வழியாக மேலே போய்விடும். பிராசஸர் சூடேறும், விசிறி இன்னும் அலறும். பழுதான பவர் சப்ளையைக் கழற்றினாலும் அந்த ஓட்டையைத் திறந்து விடாதீர்கள்.

லைனைப் பிரித்த பிறகு, பேக்கப் எடுத்துவிட்டு, வேலை குறைந்த நேரத்தில் ஒரு கேபிளை உருவிப் பாருங்கள். சர்வர் ஓடினால் திரும்பச் செருகி, பச்சை விளக்கு எரிந்ததும் அடுத்ததை உருவுங்கள்.