வாசகர் கேள்வி–பதில்: பாப்பரசரின் புதுக்கோட்டை

சென்ற இதழில் பிரெஞ்சுக்காரர்களின் சாப்பாட்டு மேசையைப் பற்றிய ஒரு பதிலில், ஷாத்தோநஃப் து பாப் என்னும் ஒயின் கிராமத்தைப் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களுக்கே இந்த முறை பக்கம் முழுவதும் போய்விட்டது.

கேள்வி: அந்தப் பெயருக்கு என்ன பொருள்? போப்பாண்டவருக்கும் மதுவுக்கும் என்ன சம்பந்தம்? (புதுக்கோட்டை வாசகர்)

பதில்: உங்கள் ஊரிலிருந்தே இந்தக் கேள்வி வந்திருப்பதுதான் வேடிக்கை. 'ஷாத்தோநஃப்' என்றால் புதுக்கோட்டை. 'து பாப்' என்றால் பாப்பரசருடையது. 1309 முதல் 1377 வரை பாப்பரசர்கள் ரோமாபுரியில் இல்லாமல் தென் பிரான்சின் அவிஞ்ஞோன் நகரில் தங்கியிருந்தார்கள். அவர்களில் இரண்டாமவரான இருபத்திரண்டாம் ஜான், அவிஞ்ஞோனுக்கு வடக்கே, ரோன் நதிக்குக் கிழக்கே உள்ள இந்தக் குன்றின்மேல் ஒரு கோட்டையைக் கட்டி, சுற்றிலும் திராட்சை பயிரிட ஊக்கமளித்தார். ஆனால் 'புதுக்கோட்டை' என்ற பெயர் அவருக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முந்தைய 1094ஆம் ஆண்டு லத்தீன் ஆவணத்திலேயே இருக்கிறது. 'பாப்பரசருடைய' என்ற ஒட்டுத்தான் புதிது, அதைக் கிராமத்தார் அதிகாரபூர்வமாகச் சேர்த்துக்கொண்டது 1893இல். கோட்டையில் இன்று மிஞ்சியிருப்பது பெரும்பாலும் உயரமான கோபுரச் சுவரின் ஒரு பகுதிதான். 1944 ஆகஸ்டில் பின்வாங்கிச் சென்ற ஜெர்மானியப் படையினர் வெடி வைத்ததில் கோபுரத்தின் மறுபாதி தரைமட்டமாயிற்று.

கேள்வி: படத்தில் பார்த்தால் மண்ணே கண்ணுக்குத் தெரியவில்லை, வெறும் கூழாங்கல்லாக இருக்கிறது. பந்தலும் கிடையாது. கொடி எப்படிப் பிழைக்கிறது? (கம்பம், திராட்சை விவசாயி)

பதில்: அந்தக் கற்கள் ஆல்ப்ஸ் மலையிலிருந்து பழைய ரோன் நதி உருட்டிக்கொண்டு வந்து போட்டவை. கைப்பிடி அளவிலிருந்து தேங்காய் அளவு வரை, வழுவழுப்பாகவும் செம்பழுப்பாகவும் இருக்கும். பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மெல்ல விடுகின்றன; பொழுது சாய்ந்த பிறகும் உள்ளங்கையை வைத்தால் வெதுவெதுப்பு தெரியும். ஆனால் கல்லுக்கு அடியில் களிமண் இருக்கிறது என்பதையும், கோடையில் அந்தக் களிமண்ணின் ஈரம் ஆவியாகிவிடாமல் மேலே பரவிய கல் மூடாக்கைப் போலக் காக்கிறது என்பதையும் விவசாயியான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வேர் அந்த ஈரத்தைத் தேடி ஆழத்துக்கு இறங்குகிறது.

பந்தல் இல்லாததற்குக் காரணம் காற்று. மிஸ்த்ரால் என்னும் வடகாற்று ரோன் பள்ளத்தாக்கின் வழியே, சில நாட்களில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வீசும். ஆகவே கொடியை உயர விடாமல், கிண்ணம் போல நாலாபுறமும் விரியும்படி குட்டையாகக் கவாத்து செய்து, புதராகவே வளர்க்கிறார்கள். அங்கே முதன்மையான க்ரெனாஷ் ரகத்தின் தண்டு கெட்டியானது. ஊன்றுகோல் இல்லாமலே காற்றைத் தாங்கிக்கொள்ளும். சிரா என்னும் மற்றொரு ரகத்தின் இளங்கிளை அப்படியல்ல, ஒடிந்துவிடும் என்பதால் அதற்குக் கோல் நட்டுக் கட்டுகிறார்கள். அதே காற்றுதான் மழைக்குப் பிறகு இலையையும் குலையையும் காய வைத்துப் பூஞ்சண நோயைத் தடுக்கிறது என்பதால், யாரும் அதை அதிகம் திட்டுவதில்லை.

கல்லின் பெருமையைக் கேட்டு, அதுதான் ஒயினின் ரகசியம் என்று நினைத்துவிட வேண்டாம். இதே எல்லைக்குள் மணலும் சுண்ணாம்புப் பாறையும் உள்ள நிலங்கள் ஏராளம். இப்பகுதியின் மிகவும் பேர்பெற்ற ஒயின்களில் ஒன்றைத் தரும் ஷாத்தோ ராயாஸ் தோட்டம் பெரும்பாலும் மணல்தான். படம் எடுப்பதற்குக் கல் அழகாக இருக்கிறது, அவ்வளவே.

கேள்வி: ஒயினின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு தருவது இங்குதான் தொடங்கியது என்கிறார்களே? (சென்னை, சட்டக் கல்லூரி மாணவி)

பதில்: என்னைக் கேட்டால், இந்தக் கிராமத்தின் உண்மையான விளைச்சல் அதுதான். பின்னணியைச் சொன்னால்தான் விளங்கும். 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த செடிகளோடு ஃபிலாக்ஸெரா என்னும் நுண்பூச்சி பிரான்சுக்குள் நுழைந்து, வேர்களை உறிஞ்சித் தோட்டம் தோட்டமாகப் பட்டுப்போக வைத்தது. அது முதன்முதலாகத் தென்பட்ட இடங்களில் ஒன்று ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ரோக்மோர். அமெரிக்க வேர்ச்செடியில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டிய பிறகே தோட்டங்கள் மீண்டன. ஆனால் இடைப்பட்ட காலத்தில் கலப்படம் வேரூன்றிவிட்டது. எங்கோ விளைந்த சரக்குக்கு ஷாத்தோநஃப் என்று பெயர் ஒட்டி விற்பதும், இந்த ஊரின் வீரியமான ஒயினை வாங்கி பிரான்சின் இன்னொரு ஒயின் வட்டாரமான பர்கண்டியின் மெலிந்த ஒயினோடு கலப்பதும் அன்றாட வியாபாரமாக இருந்தன.

1923இல் கிராமத்துத் திராட்சை விவசாயிகள் பாரோன் லெ ருவா என்பவரிடம் போய், தங்கள் பெயரைக் காப்பாற்றித் தரும்படி கேட்டார்கள். அவர் சட்டம் படித்தவர், முதல் உலகப் போரில் விமானியாக இருந்தவர், ஷாத்தோ ஃபோர்த்தியா தோட்டத்து மருமகன். அவர் ஒரு நிபந்தனை விதித்தார்: வெளியூர் வியாபாரியின் மேல் வழக்குப் போடுவதற்கு முன், நாம் முதலில் நேர்மையாக இருக்க வேண்டும். அதன்படி எழுதப்பட்ட விதிகள் அனைத்தும் விவசாயிகள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடுகள். எந்த நிலம் எல்லைக்குள் வரும், எந்த ரகங்களை நடலாம், எப்படிக் கவாத்து செய்வது என்பவற்றோடு, ஆல்கஹால் 12.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்றும், அறுவடையில் குறைந்தது 5 சதவீதக் குலைகளைக் கழித்துவிட வேண்டும் என்றும் அவற்றில் இருந்தது. கழிக்கப்பட்ட குலைகளுக்கு 'ராப்பே' என்று பெயர். எல்லையை வகுத்த முறை இன்னும் சுவையானது: லாவெண்டர், தைம் ஆகிய வாசனைச் செடிகள் தானாக முளைக்கும் வறண்ட நிலமே திராட்சைக்கு உரியது, வேறெதுவும் செழிக்கிற வளமான நிலம் உதவாது என்று ஒதுக்கினார்கள்.

எல்லோரும் இதை வரவேற்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1933இல்தான் முடிந்தது. 1935இல் பிரான்ஸ் முழுவதற்கும் பூகோளப் பெயர்களைக் காக்கும் சட்டம் வந்தபோது இந்த விதிகளே அதற்கு முன்மாதிரியாக நின்றன. 1936 மே மாதம் அச்சட்டத்தின்படி அங்கீகாரம் பெற்ற முதல் தொகுதிப் பெயர்களில் ஷாத்தோநஃப் து பாப்பும் இடம்பெற்றது. இன்று நம் ஊர்ப் பொருள்களுக்குத் தரப்படும் புவிசார் குறியீட்டுக்கு இதை ஒரு தாத்தா முறை என்று சொல்லலாம். இன்றைக்கும் அங்கே இயந்திரத்தால் அறுவடை செய்யக் கூடாது. ஏறத்தாழ 3,200 ஹெக்டேரிலும் கத்தரியும் கையும்தான்.

கேள்வி: பதின்மூன்று வகைத் திராட்சையைக் கலந்து ஒரே ஒயின் செய்வார்களாமே? (கோயம்புத்தூர்)

பதில்: கலக்கலாம் என்பதுதான் விதி, கலக்க வேண்டும் என்பதல்ல. பதின்மூன்றையும் பயிரிட்டுப் பயன்படுத்துவதற்குப் பேர்போனது ஷாத்தோ தெ போகாஸ்தெல் தோட்டம். மேலே சொன்ன ராயாஸ் அதற்கு நேர்மாறாக க்ரெனாஷ் ஒன்றையே நம்புகிறது. பெரும்பாலானவர்கள் இரண்டுக்கும் நடுவே இருக்கிறார்கள். நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு க்ரெனாஷ்தான்; அது இனிப்பையும் சூட்டையும் தரும், மூர்வெத்ர் ரகம் உடற்கட்டையும் சிரா நிறத்தையும் கொடுக்கும். பட்டியலில் வெள்ளை ரகங்களும் உண்டு, அவையும் சிவப்பு ஒயினில் சேரலாம். இதில் வியப்பில்லை: கருந்திராட்சையின் சாறும் ஏறக்குறைய நிறமற்றதே, தோலோடு சேர்ந்து நொதிக்கும்போதுதான் அதற்குச் சிவப்பு ஏறுகிறது. க்ரெனாஷ் காற்றுப் பட்டால் சீக்கிரம் கெடும் என்பதால், புது ஓக் மரத்தின் சிறு பீப்பாயைத் தவிர்த்து, சிமென்ட் தொட்டியிலோ பழைய பெரிய பீப்பாயிலோ வைப்பவர்கள் அதிகம்.

கேள்வி: அந்த ஊரில் பறக்கும் தட்டுகளுக்குத் தடை இருப்பதாக நண்பர் சொன்னார். கதைதானே? (மதுரை)

பதில்: உண்மைதான். 1954 இலையுதிர் காலத்தில் பிரான்ஸ் முழுவதும் வானில் விசித்திரங்களைக் கண்டதாக ஒரே பேச்சாக இருந்தபோது, அன்றைய மேயர் அக்டோபர் 25 தேதியிட்டு ஓர் ஆணை பிறப்பித்தார். பறக்கும் தட்டோ பறக்கும் சுருட்டோ, எந்த நாட்டினுடையதாக இருந்தாலும், ஊர் எல்லைக்குள் பறக்கவோ இறங்கவோ கிளம்பவோ கூடாது. மீறி இறங்கினால் உடனே பறிமுதல் செய்யப்படும். இது ஊருக்கு நல்ல விளம்பரமாயிற்று. 2016இல் இதை நீக்கலாமா என்ற பேச்சு எழுந்தபோது, அப்போதைய மேயர் மறுத்துவிட்டார். ஆணையை நிறைவேற்றும் பொறுப்பு, கொடிகளுக்கு நடுவே ரோந்து சுற்றும் கிராமக் காவலரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.