காலில் செம்புள்ளிகளைப் பார்த்து ரத்தநாள அழற்சி என்கிறார்கள். பயாப்ஸி தேவையா? ஸ்டீராய்டு எடுத்தே ஆக வேண்டுமா?

பயாப்ஸி, அதாவது தோலில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது, பெரும்பாலும் தேவை. ஸ்டீராய்டு பலருக்குத் தேவைப்படுவதில்லை. ஆனால் தோல் மருத்துவராக நான் இவ்விரண்டுக்கும் முன்பாகக் கேட்பது சிறுநீர்ப் பரிசோதனையின் முடிவைத்தான். தோலின் நுண்ணிய நாளங்களைத் தாக்கும் இதே அழற்சி சிறுநீரகத்தையும் தாக்கக்கூடும் என்பதும், அங்கே தொடக்கத்தில் வலியோ வீக்கமோ இல்லாமல், சிறுநீரில் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தமும் புரதமும் மட்டுமே கசியும் என்பதும் அதற்குக் காரணம்.

இந்தப் புள்ளிகள் தடவினால் சற்று மேடாகத் தட்டுப்படும். நாளத்தை விட்டு ரத்தம் வெளியேறிவிட்டதால், கண்ணாடியை வைத்து அழுத்தினாலும் நிறம் மறையாது. நிற்கும்போது ரத்த அழுத்தம் அதிகமாகும் கால்களிலேயே இவை மிகுதியாகத் தோன்றும். காய்ச்சலோடு மணிக்கணக்கில் பரவினால் அது கடும் கிருமித்தொற்றாக இருக்கலாம்; உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

பயாப்ஸியைத் தள்ளிப்போடாதீர்கள். தோன்றி 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உள்ள புள்ளியில் எடுத்தால்தான் நாளச் சுவரின் சிதைவு தெளிவாகத் தெரியும். பழைய புள்ளியில் அந்தத் தடயங்கள் மங்கிவிடும். நாளச் சுவரில் நோயெதிர்ப்புப் புரதங்கள் படிந்துள்ளனவா என்று ஒளிரவைத்துப் பார்க்கும் இம்யூனோஃபுளோரசன்ஸ் சோதனைக்கென இன்னொரு துணுக்கும் எடுக்கச் சொல்லுங்கள். அதில் ஐஜிஏ என்ற நோயெதிர்ப்புப் புரதத்தின் படிவு தெரிந்தால் சிறுநீரகத்தைக் கூடுதலாகக் கண்காணிக்க வேண்டும், பெரியவர்களுக்கு அந்த ஆபத்து குழந்தைகளைவிட அதிகம்.

முந்தைய இரண்டு வாரங்களில் புதிதாகத் தொடங்கிய மாத்திரைகளையும் வந்துபோன தொண்டைத் தொற்றையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஆனால் எந்த மருந்தையும் நீங்களாகவே நிறுத்த வேண்டாம். கல்லீரல் அழற்சி பி, சி வைரஸ்களுக்கும், உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் லூபஸ் நோய்க்கும் ரத்தப் பரிசோதனை செய்வது வழக்கம். ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காரணம் ஒன்றும் கிடைக்காது, அதனால் மனம் தளர வேண்டியதில்லை.

தோலோடு நின்றுவிட்ட அழற்சி பெரும்பாலும் மூன்று நான்கு வாரங்களில் தானே அடங்கும். கால்களை உயர்த்தி வைத்து ஓய்வெடுப்பதும், அழுத்தக் காலுறை அணிவதும் போதும். திரும்பத் திரும்ப வந்தால் கோல்ச்சிசின் அல்லது டாப்சோன் கொடுப்பார்கள். டாப்சோனுக்கு முன் ஜி6பிடி நொதியின் அளவைப் பார்த்தே ஆக வேண்டும், அது குறைவாக இருப்பவர்களுக்குச் சிவப்பணுக்கள் உடையும். கொப்புளமோ புண்ணோ ஏற்பட்டாலும் உள்ளுறுப்பு பாதிக்கப்பட்டாலும்தான் ஸ்டீராய்டு. அதையும் படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும்.

ஐஜிஏ வகை என்று உறுதியானால், புள்ளிகள் முற்றிலும் மறைந்த பின்பும் குறைந்தது ஆறு மாதங்களுக்குச் சிறுநீரையும் ரத்த அழுத்தத்தையும் தொடர்ந்து பரிசோதித்துக்கொள்ளுங்கள்.