கடலோரத்துக் கல்யாண முருங்கை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வேதாரண்யத்தில் கடலுக்குப் பக்கத்தில் வீடு. கல்யாண முருங்கையைப் போத்து வைக்கலாமா, விதை போடலாமா?

வேலிக்கு என்றால் போத்து, அதாவது வெட்டி நடும் கிளை. தனிமரமாக நின்று பூக்க வேண்டுமென்றால் விதைதான். போத்திலிருந்து வளரும் மரத்துக்கு ஆணிவேர் இறங்காது, பக்கவேர்களை நம்பித்தான் நிற்கும். கட்டையும் மென்மையானது. 2018-ல் கஜா புயலைப் பார்த்த ஊருக்கு நான் வேறு எதையும் சொல்ல மாட்டேன். உப்புக்காற்றையும் மணலையும் நினைத்துப் பயப்படாதீர்கள், கடற்கரைதான் அதன் பிறந்த வீடு. அவரைக் குடும்பத்து மரம் என்பதால் வேர்முடிச்சுகள் வழியே தனக்கு வேண்டிய தழைச்சத்தைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

விதையை இரண்டு நாள் ஊறவைத்தும் முளைக்கவில்லையே?

கடலில் மாதக்கணக்கில் மிதந்தாலும் உள்ளே நீர் புகாத தோல் அது. கிழக்கு ஆப்பிரிக்கா முதல் பசிபிக் தீவுகள் வரை அந்த மரம் கரையேறியது இந்தத் தோலின் தயவில்தான். விதையின் கண் இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்து, உள்ளே வெளுப்பு தெரிந்ததும் நிறுத்துங்கள். இரவு முழுக்க ஊறட்டும். உப்பியதை நடுங்கள், உப்பாததை மறுபடி தேயுங்கள். பத்து நாளில் முளை தெரியும். விதை நஞ்சு, பிள்ளைகள் வாயில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நட்ட போத்தெல்லாம் அழுகிவிட்டது.

பச்சையாக வெட்டி உடனே நட்டிருப்பீர்கள். மணிக்கட்டுப் பருமனில் முற்றிய கிளையை ஐந்தாறு அடி நீளத்துக்கு வெட்டி, ஒரு நாள் நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்த பிறகு ஓரடி ஆழத்தில் நடுங்கள். ஐப்பசி அடைமழையில் வேண்டாம். ஆவணியில் நட்டால் மழை வலுக்கும் முன் வேர் பிடித்துவிடும்.

யாழ்ப்பாணத்தில் மகளின் கலியாணத்துக்கு நட்ட கன்னிக்கால் முள்முருக்கு நல்லாத் தளிர்த்தது. இப்ப இலையெல்லாம் முடிச்சு முடிச்சாக வீங்கிச் சுருண்டுபோச்சு. கூடாத சகுனமோ?

சகுனமே இல்லை அம்மா, மனம் கலங்காதீர்கள். நீங்கள் முள்முருக்கு என்பதும் இதே கல்யாண முருங்கைதான். ஒன்றரை மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு குளவி இளந்தளிருக்குள் முட்டையிடுகிறது. புழு வளர வளர இலை வீங்குகிறது. 2004-ல்தான் அந்தக் குளவிக்கே அறிவியல் பெயர் வைத்தார்கள். ஹவாயின் சொந்த முருக்கையும் அது வாட்டியது. அதைக் கட்டுப்படுத்த 2008-ல் தான்சானியாவைச் சேர்ந்த இன்னொரு குளவியை அங்கே விட்டார்கள். நீங்கள் வீங்கிய நுனிகளை வெட்டி அன்றைக்கே எரித்துவிடுங்கள். வெட்டிய குப்பை கிடந்தால் அதிலிருந்தே குளவி வெளியேறும். யூரியா போட வேண்டாம், போட்டால் குளவிக்கு வேண்டிய இளந்தளிரைத்தான் வளர்ப்பீர்கள். அந்த மரத்தில் வேலிக்கு நடும் கதியாலும் வெட்டாதீர்கள்.

ஆறு வருட மரம், பூக்கவே இல்லை.

அடைக்கும் தோசைக்கும் ஆண்டு முழுக்கக் கிளையோடு ஒடிக்கிறீர்களா? ஐப்பசிக்குப் பிறகு கத்தி படக் கூடாது. இலை கொட்டி மாசி, பங்குனியில் வெறுங்கிளையில் சிவப்பாகப் பூக்கும், மைனாக்கள் தேன் குடிக்க வரும். இலை வேண்டுமானால் பூ முடிந்த பிறகு கவாத்து செய்து துளிரைப் பறியுங்கள்.