அந்த அரை நாள் விடுப்பு

கேள்வி: ஒன்பது வருடமாக ஒரே பிரிவில் கணக்கு வேலை பார்க்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். மாலை ஐந்தரைக்கு வீட்டில் இருப்பேன், மகனோடு உட்கார்ந்து வீட்டுப்பாடம் பார்ப்பேன். இப்போது பிரிவுத் தலைவராக வரச் சொல்கிறார்கள். பதினான்கு பேருக்குப் பொறுப்பு, இரவிலும் போன் வரும். சம்பளம் 20 சதவீதம் கூடும். இப்போதைய தலைவர் ஒருவருக்கு அரை நாள் விடுப்பு கொடுக்கக்கூட மேலிடத்தைக் கேட்கிறார். வலிய வரும் சீதேவியைத் தள்ளாதே என்கிறார் கணவர். இருப்பதை விட்டுப் பறப்பதற்கு ஆசைப்படாதே என்கிறார் அம்மா. நான் என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள தோழி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் என் கண் நின்ற இடம் அந்த அரை நாள் விடுப்புதான். பதினான்கு பேருக்குப் பொறுப்பானவர், அவர்களில் ஒருவரை மத்தியானம் வீட்டுக்கு அனுப்பத் தானாக முடிவெடுக்க முடியவில்லை. அந்த நாற்காலியில்தான் உங்களை உட்காரச் சொல்கிறார்கள்.

நானும் அப்படி ஒரு நாற்காலியில் ஒன்றரை வருடம் உட்கார்ந்திருக்கிறேன். வேலை தாமதமானால் பதில் சொல்வது நான். ஆள் போதவில்லை என்று கேட்டால் 'பார்க்கலாம்' என்பார்கள். ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே போனைக் கவிழ்த்து வைத்திருப்பேன். அது அதிர்ந்தால் தட்டின் விளிம்பும் சேர்ந்து அதிரும்; வாய்க்குப் போகிற கை பாதியில் நின்றுவிடும். இதைவிட அதிகமான வேலையை அப்புறம் வேறோர் இடத்தில் சந்தோஷமாகச் செய்தேன். அங்கே முடிவு என் கையில் இருந்தது.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததில்லை. லண்டன் அரசு அலுவலர்கள் 10,308 பேரை 1985 முதல் தொடர்ந்து கவனித்த மைக்கேல் மார்மட் என்ற மருத்துவ ஆய்வாளரின் குழு, தங்கள் வேலையைத் தாங்களே தீர்மானிக்க வழியில்லாதவர்களுக்கு இதயநோய் அதிகம் வந்ததைக் கண்டது. அதற்கு முன்பே, 1979-ல், ராபர்ட் காரசெக் என்ற ஆய்வாளர் சொன்னதும் இதற்குப் பக்கத்தில் வருவதுதான். சுமை கூடி, தீர்மானிக்கும் உரிமை குறைந்தால் ஆள் வாடிப்போகிறார். சுமையோடு உரிமையும் வந்தால் கற்றுக்கொண்டு வளர்கிறார். இரண்டுமே இல்லாத வேலையில் வருடக்கணக்கில் இருந்தால் இருக்கிற திறமையும் மங்கும் என்றார் அவர். இந்தக் கடைசி வரி உங்களுக்கும் பொருந்துமா என்று யோசித்துப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை கைதேர்ந்ததால் சுலபமா, இல்லை, அங்கே புதிதாக எதுவுமே உங்களைக் கேட்காததாலா?

சம்பளக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இப்போது வாரம் 40 மணி நேரம் உழைக்கிறீர்கள் என்றால், அது 50 ஆனால் நேரம் 25 சதவீதம் கூடுகிறது. 20 சதவீத உயர்வில் ஒரு மணி நேரத்துக்கான கூலி இப்போதையதைவிடக் குறைவாகத்தான் வரும். பணத்துக்காக மட்டும் போகாதீர்கள்.

என் எண்ணத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன். அதிகாரத்தோடு வந்தால் இந்தப் பதவியை எடுத்துக்கொள்ளுங்கள். பயம் வரத்தான் செய்யும், ஆறு மாதத்தில் பழகிவிடும். சரி என்று சொல்வதற்கு முன்னால் மேலதிகாரியிடம் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டியவை சில உண்டு. விடுப்பும் வேலைப் பங்கீடும் உங்கள் முடிவாக இருக்குமா? இரவு அழைப்பை முறை வைத்துப் பிரித்துக்கொள்ள முடியுமா? ஒத்துவராவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்ப வழி உண்டா? 'முதலில் வாங்க, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று பதில் வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஐந்தரை மணிக்கு மகனோடு உட்காருவதற்காக ஒருவர் பதவி உயர்வை மறுப்பதில் ஒரு குறையும் இல்லை. கணவரிடமும் அந்த ஐந்தரை மணியை வைத்தே பேசுங்கள். நீங்கள் வரத் தாமதமாகும் நாட்களில் வீட்டுப்பாடம் யார் பார்ப்பது என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் இப்போதைய தலைவரோடு தனியாகப் பத்து நிமிடம் பேசுங்கள். மேலிடத்தைக் கேட்காமல் அவராகவே கடைசியாக எடுத்த முடிவு எது என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர் எவ்வளவு நேரம் யோசிக்கிறார் என்று பாருங்கள்.