தாத்தாவின் ஊரில் எத்தனை பேர், எப்படிப் போவது?

கேள்வி: என் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, எங்கள் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் சீவியவர். அவருடைய பழைய காகிதத்தில் ஊர்ப் பெயருடன் ‘திருச்சி ஜில்லா, பெரம்பலூர் தாலுகா’ என்று எழுதியிருக்கிறது. அந்த ஊரின் மக்கள்தொகை இணையத்தில் ஓரிடத்தில் ஆயிரத்துச் சொச்சம், இன்னோரிடத்தில் நாலாயிரத்துக்குப் பக்கம் என்று வருகிறது. எது சரி? ஊர் வரை பேருந்தோ ரயிலோ உண்டா?
– வாசகர், சுங்கை சிப்புட், பேராக்

பதில்: இரண்டுமே சரியாக இருக்கக்கூடும். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கிராமப்புறத்தில் எண்ணுவது வருவாய்க் கிராமத்தை, அதாவது அரசின் நிலப் பதிவேட்டில் தனி எல்லையோடு இருக்கும் கிராமத்தை. ஊராட்சி என்ற உள்ளாட்சி அமைப்போ தாய்க் கிராமத்தோடு சில குக்கிராமங்களையும் சேர்த்துக்கொண்டிருக்கலாம். நம் பக்கத்தில் ஒரு தோட்டத்தின் ஆள்கணக்கைக் கேட்டால், எல்லா டிவிஷன்களையும் சேர்த்தா, ஒன்றை மட்டுமா என்று திருப்பிக் கேட்பார்களே, அதே சங்கதிதான்.

முதலில் ஊரைச் சரியான மாவட்டத்தில் தேட வேண்டும். திருச்சியிலிருந்து பெரம்பலூர் 1995இல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. இன்று அதில் பெரம்பலூர், குன்னம், வேப்பந்தட்டை, ஆலத்தூர் என்று நான்கு வட்டங்கள் (தாலுகாக்கள்) உள்ளன; ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பது தமிழ்நாட்டில் சாதாரணம் என்பதால் நான்கிலும் பார்த்துவிடுங்கள். 2011 கணக்கெடுப்பில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஆறு இலக்கக் குறியெண் தரப்பட்டிருக்கிறது. பெயரைவிட அந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது.

2011க்குப் பிந்தைய ஆண்டைப் போட்டுக் காட்டப்படும் எண்ணிக்கை எதுவும் கணிப்பே தவிர, வீடு வீடாக எண்ணியது அல்ல. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போய், நாட்டின் பெரும்பகுதிக்கு 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டது. 2011இல் பெரம்பலூர் மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகை 5,65,223; தமிழ்நாட்டிலேயே அப்போது அதுதான் மிகக் குறைவு. அவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டோர் கிராமவாசிகள். மொத்த எண்ணிக்கையோடு நிறுத்திவிடாமல் குடும்பங்களின் எண்ணிக்கை, ஆறு வயது வரையுள்ள குழந்தைகள், சொந்தமாகப் பயிரிடுவோர், விவசாயக் கூலிகள் ஆகிய கட்டங்களையும் பாருங்கள். ஊரின் நிலைமையை மொத்தத் தொகையைவிட இவையே தெளிவாகச் சொல்லும் என்பது என் எண்ணம்.

போக்குவரத்துக்கு அதே கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டில் கிராம வசதிப் பட்டியல் இருக்கிறது. அரசுப் பேருந்து, தனியார் பேருந்து, ரயில் நிலையம், தார்ச்சாலை என்று ஒவ்வொன்றும் ஊரிலேயே உண்டா, இல்லையென்றால் 5 கிலோமீட்டருக்குள்ளா, 5 முதல் 10 வரையா, அதற்கும் அப்பாலா என்று குறித்திருப்பார்கள். (டிராக்டருக்கும் மாட்டுவண்டிக்கும்கூடத் தனிக் கட்டங்கள் உண்டு!) ஆனால் ‘பேருந்து உண்டு’ என்ற குறிப்பு ஒரு நாளைக்கு எத்தனை முறை, எத்தனை மணிக்கு என்பதைச் சொல்லாது, கிராமத்துக்குப் போகிறவருக்கு வேண்டியதோ அதுதான்.

பெரம்பலூர் நகரத்தில் ரயில் நிலையம் கிடையாது. சென்னையில் இறங்குவதானால் எழும்பூரிலிருந்து விழுப்புரம் வழியாகத் திருச்சி செல்லும் ரயிலில் அரியலூரில் இறங்கி, அங்கிருந்து மேற்கே சுமார் 30 கிலோமீட்டர் பேருந்தில் செல்லலாம். ஆயினும் நம் ஊர்க்காரர்களுக்குக் கோலாலம்பூரிலிருந்து நேராகத் திருச்சிக்குப் பறப்பதே எளிது. பெரம்பலூர், திருச்சி–சென்னை தேசிய நெடுஞ்சாலையிலேயே இருப்பதால் அங்கு போக அடிக்கடி பேருந்து கிடைக்கும். முன்பு போய்வந்தவர்கள் திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்துக்குப் போகச் சொல்வார்கள். 2025இல் திருச்சியின் பஞ்சப்பூர்ப் பகுதியில் புதிய ஒருங்கிணைந்த பேருந்து முனையம் திறக்கப்பட்டுள்ளதால், எங்கே ஏற வேண்டும் என்பதை விமான நிலையத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரம்பலூரிலிருந்து ஊருக்குச் செல்லும் நகரப் பேருந்து அல்லது மினி பேருந்தின் நேரத்தை அங்குள்ள பேருந்து நிலைய நேரக் காப்பாளரிடம் விசாரியுங்கள். குறிப்பாக ஊரிலிருந்து திரும்பும் கடைசி வண்டி எப்போது என்று மறக்காமல் கேளுங்கள். வயதானவர்களையும் அழைத்துச் செல்வதானால் பெரம்பலூரிலேயே வாடகைக் கார் அமர்த்திக்கொள்வது உத்தமம்.