தினமும் தண்ணீர் விட்டும் சீடார் வேலி காய்வது ஏன்?

மே கடைசியில் நட்ட பதினைந்து சீடாரில் (எப்போதும் பச்சையாக இருக்கும், வேலியாக நடும் மரம்) ஆறு பழுப்பாகிவிட்டன, தினமும் ஹோஸ் பிடித்தும் பயனில்லை, உரம் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உரம் வேண்டவே வேண்டாம். இன்னும் வேர் பிடிக்காத மரத்துக்கு அது சுமைதான்.

முதலில் அடிமரத்தை ஒட்டி, வேர்க்கட்டிக்குள்ளேயே (வேரோடு சேர்ந்து வந்த மண் உருண்டை) ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை 15 செ.மீ. இறக்கிப் பாருங்கள். ஒன்டாரியோவில் எங்கள் வேலியில் சுற்றிலும் மண் ஈரம், கட்டி மட்டும் ரஸ்க் மாதிரி காய்ந்து கிடந்தது. விற்பதற்காக நர்சரி வயலில் மரத்தைத் தோண்டி எடுக்கும்போதே பெரும்பாலான வேர் அறுந்துபோகிறது. மிச்ச வேருக்கு அந்தக் கட்டிக்குள் இருக்கும் ஈரம்தான் கதி. நீங்கள் மேலோட்டமாக அடிக்கும் தண்ணீர் அங்கே போய்ச் சேராது. ஹோஸை மெல்லிய ஒழுக்கில் வைத்து ஒவ்வொரு மரத்தடியிலும் இருபது நிமிடம் போட்டுவிடுங்கள். வாரத்துக்கு இரண்டு முறை போதும்.

மாறாக, கட்டி சொதசொதவென்று நாற்றமடித்தால் களிமண் குழியில் தண்ணீர் தேங்கி வேர் அழுகுகிறது. அப்போது தண்ணீரை நிறுத்துங்கள்.

அப்புறம், இலையுதிர் காலத்தில் உள்பக்க இலை மட்டும் மஞ்சளாகி உதிர்ந்தால் அது பழைய இலை, கவலை இல்லை. நுனி பழுப்பாகியிருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

அந்த ஆறு மரத்திலும் பட்டையை நகத்தால் சுரண்டுங்கள். பச்சை தெரிந்தால் காத்திருக்கலாம். ஆனால் முழுக்கப் பழுப்பான கிளை திரும்பத் துளிர்க்காது. நர்சரி உத்தரவாத ரசீதைத் தேடி வையுங்கள்.